பொம்மைக்கு வச்ச பேரு

உக்காரு தாயி. இந்த பெஞ்சுல உக்காரலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அந்தக் கோடியில வேண்டாம், ஏசித் தண்ணி சொட்டும். இங்கிட்டு நகந்து வா. புதுச் சேலையா? எதுக்குத்தா புதுச் சேலை கட்டிட்டு வந்த? உள்ள போனா தரையில விழுந்து எந்திரிக்கணும், தெரியும்ல?

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறியாக்கும். உன்னைச் சலவைக்கூடத்துல இருந்து கூட்டியாந்திருக்காங்க, பொம்மைக்கு அம்மாவா நடிக்க. கேன்டீன்ல பேசிக்கிட்டாங்க. உனக்கு முந்தி அம்மாவா இருந்தது நான்தான். இந்த ஆஸ்பத்திரியில சீனியம்மான்னு கேட்டா யாருக்கும் தெரியாது. அழகுராஜாம்மான்னு கேட்டுப் பாரு. பெரிய டாக்டருல இருந்து கேட்டுல நிக்கிற வாட்ச்மேன் வரைக்கும் கை காட்டுவாங்க.

பயப்படாத, உன் வேலையைப் புடுங்க வரல. உன்கிட்ட ஒரு காரியம் கேக்கணும், அதுக்குத்தான் காலையிலயே வந்து உக்காந்திருக்கேன். கடைசில கேக்குறேன். சட்டுனு கேட்டா உனக்கு விளங்காது. இன்னும் நேரம் கிடக்கு. பிள்ளைக வந்து சேரணும், பாடம் நடத்துற குணசீலன் சார் வரணும், கம்ப்யூட்டர்த் தம்பி ஒயரெல்லாம் மாட்டணும். அப்பறந்தான் உன்னைக் கூப்பிடுவாங்க.

நான் கேன்டீன்ல தட்டுக் கழுவிக்கிட்டு இருந்தவ. ஒருநா காண்ட்ராக்டர்கிட்ட லீவு கேட்டேன், குடுக்க மாட்டேன்னுட்டான். எங்க பெரியத்தா செத்துப்போச்சுன்னு ஒரு அழுகை அழுதேன் பாரு. பெரியத்தா செத்து ரொம்ப வருசமாச்சு, அது வேற. மாரடிச்சு அழுதேன். "போ, போய்த் தொல"ன்னுட்டான். நான் மூக்கைச் சிந்திட்டு அந்தப் பக்கம் திரும்பி, "சீனி தூக்கலா ஒரு டீ போடுப்பா"ன்னேன். பக்கத்து மேசையில குணசீலன் சார் இட்லி தின்னுக்கிட்டு இருந்தாரு. சிரிச்சுச் சிரிச்சு அவருக்குப் புரையேறிப்போச்சு.

"அம்மா, இதே மாதிரி நான் சொல்ற எடத்துல வந்து அழுவீங்களா?"ன்னாரு.

"யாரு செத்ததுக்கு சார்?"

"யாரும் சாக மாட்டாங்கம்மா. அதுதான் இதுல விசேஷமே."

அப்படித்தான் இந்த ரூமுக்குள்ள வந்தேன். வெளிய சிமுலேஷன்னு போர்டு போட்டிருக்கும், நாங்க பொம்மை ரூமுன்னுதான் சொல்றது. உள்ள போய் மொதத்தடவ அந்தப் பொம்மையைப் பாத்தேன், குலை நடுங்கிப்போச்சு. மனுச உருவம் அப்படியே. நெஞ்சு ஏறி ஏறி எறங்குது. கழுத்துல விரலை வச்சா நாடி துடிக்குது. கண்ணைச் சிமிட்டுது. கண்ணாடிச் சன்னலுக்கு அங்கிட்டு ஒரு இருட்டு ரூமு இருக்கும். அதுக்குள்ள கம்ப்யூட்டர்த் தம்பியும் சாரும் உக்காந்து எல்லாத்தையும் ஆட்டுவிக்கிறது. நாடியை நிறுத்துறது, மூச்சை வாங்க வைக்கிறது, எல்லாம் அங்கிட்டு இருந்துதான். பொம்மை பேசவும் செய்யும். "நெஞ்சு வலிக்குது டாக்டர்"னு மைக்குல சார் சொல்வாரு, பொம்மை வாயில இருந்து வரும். எங்க மகன் பேசுனா குணசீலன் சார் குரல்லதான் பேசுவான், அதை நெனச்சா இன்னும் சிரிப்பு வருது.

இது எதுக்குன்னு உனக்குச் சொன்னாங்களா? புது டாக்டர்ப் பிள்ளைக, படிப்பை முடிச்சுட்டு கேஷுவாலிட்டிக்குப் போறவங்க, அடிபட்டவன், நெஞ்சு வலிக்காரன், மூச்சு முட்டுனவன்னு வந்து விழுவான்ல, அப்பக் கைகால் உதறாம வேலை பாக்கணும்ல. நேரா ஆளு மேல பழகுனா ஆளு போயிரும். அதுக்குப் பொம்மை. பொம்மைக்கு வைத்தியம் பாத்தாப் போதுமா? கூட வந்தவ கத்துவா, சட்டையைப் புடிப்பா, கால்ல விழுவா. அவளையும் சமாளிச்சுப் பழகணும். அதுக்கு நான். இப்ப நீ.

ரெண்டே ரெண்டு விதிதான். உன்னைக் கண்டுக்காம விட்டாங்கன்னா, சத்தத்தைக் கூட்டணும். கையைப் புடிச்சு இழு, வழியை மறி, எதுனாலும் செய்யி. ஆனா யாராச்சும் ஒரு பிள்ள உன் முகத்தைப் பாத்து மரியாதையா, "அம்மா, கொஞ்சம் இருங்க, நாங்க பாத்துக்கிறோம்"னு சொல்லிருச்சுன்னா, அப்பறம் வாயைத் தொறக்கக் கூடாது. சொன்ன எடத்துல போய் உக்காந்துரணும். நல்லாப் பேசுனதுக்கு அதுதான் மார்க்கு. உக்காரலேன்னா சாருக்குக் கோவம் வந்துரும். "மரியாதையாச் சொன்னா கேக்குறாங்கன்னு பிள்ளைகளுக்குத் தெரியணும்மா"ம்பாரு. இதை மட்டும் மறந்துறாத. நான் ஒருநாளும் மறந்ததில்ல.

அப்பறம் பேரு. யாரு அம்மாவோ அவதான் பொம்மைக்குப் பேரு வைக்கணும், அது சாரோட வழக்கம். அடுத்தவன் வச்ச பேரைச் சொல்லி அழுதா வாயிதான் அழும், கண்ணு அழாதாம். நான் மொதல்ல வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொன்னேன். அழுகையே வரல. பிள்ளைகெல்லாம் சிரிக்குது. எனக்கு ரோசம் வந்துருச்சு. மறுதடவ ஓடியாந்து, "ஐயா அழகுராசா"ன்னு கத்துனேன் பாரு. ஒரு பிள்ள நிசமாவே அழுதுருச்சு.

அழகுராஜா என் மகன் பேரு. ஒரே மகன். தண்ணி கேன் போடுறவன். குட்டியானை வண்டி ஒண்ணு வச்சிருந்தான், அவனும் சுருளின்னு ஒரு கூட்டாளியும். மாடி மாடியாத் தோள்ல தூக்கிட்டுப் போய் எறக்குவான். வீட்ல வந்து இந்தக் கதையைச் சொன்னேன். "ஏம்மா, ஊர்ல பேரே கெடைக்கலையா? அங்க நெஞ்சு வலி வந்து கெடக்குறது நானா?"ன்னான்.

"உனக்கு வரல, பொம்மைக்கு வந்துச்சு."

"என்ன ஆச்சு கடைசில?"

"எந்திரிச்சுட்ட."

"அப்பச் சரி"ன்னான். அப்பறம் அதுவே பழக்கமாயிருச்சு. வகுப்பு நடக்குற புதங்கிழமை சாயந்தரமானா சட்டையைக் கழட்டி மாட்டிக்கிட்டே கேப்பான், "என்னம்மா, இன்னைக்குப் பொழச்சேனா?"ன்னு. எம் மருமக மட்டும் மூஞ்சியத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போயிரும். அதுக்கு மொதல்ல இருந்தே பிடிக்கல.

பொழைக்காம எங்க போறான்? அந்த ரூம்ல யாரும் சாகக் கூடாதுன்னு சார் வச்சிருந்தாரு. ஒருநா ஒரு கூட்டம் வந்துச்சு, எல்லாம் தப்புத்தப்பாச் செஞ்சுச்சுக. மருந்தை மாத்திப் போட்டு, மூச்சுக் குழாயைச் சோத்துக் குழாயில எறக்கி, சண்டை வேற. பொம்மை அன்னைக்குச் செத்திருக்கணும். எனக்கே தெரியுது. ஆனா நாடி திரும்பி வந்துருச்சு. அப்பறமாச் சார்கிட்ட கேட்டேன். "செத்துருச்சுன்னு காமிச்சா பிள்ளைக மனசு விட்டுரும்மா. பயந்த பிள்ள நெசமான ஆளைத் தொடாது"ன்னாரு. எம்புட்டு நல்ல மனசு. எனக்கும் அதுதான் பிடிச்சிருந்துச்சு.

அந்தப் பிள்ளைகள்லயே ஒரு பிள்ள, இளவேனில்னு பேரு. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு. அது உள்ள வந்தாலே ஒரு தெம்பு. மொதல்ல பொம்மை தோளைத் தட்டணும், பேரைச் சொல்லிக் கூப்பிடணும், முழிப்பு இருக்கான்னு பாக்குறதுக்கு. எல்லாப் பிள்ளைகளும் கூப்பிடும், கடமைக்கு. இது கூப்பிடுறதைக் கேக்கணும் நீ. "அழகுராஜா! அழகுராஜா! கண்ணைத் தொறங்க!"ன்னு. அவன் பொண்டாட்டி கூட அப்படி ஆசையாக் கூப்பிட்டதில்ல அவனை. நெஞ்சை அமுக்குறது, ஷாக் வைக்கிறது, எல்லாம் செஞ்சுக்கிட்டே ஒரு கண்ணு என் மேலயும் இருக்கும். முடிஞ்சதும் ஓடி வந்து தோளைக் கட்டிக்கும். "அழகுராஜாம்மா, உங்க மகனைக் காப்பாத்திட்டேன், வடை வாங்கித் தாங்க"ங்கும். எத்தனை தடவ காப்பாத்தியிருக்கும் அந்தப் பிள்ள!

இதோட விட்டிருக்கலாம். சாரு அதுக்கு மேல ஒரு யோசனை பண்ணாரு. ரூமுக்குள்ள நல்லாச் செய்யிறாங்க, நெசமான கேஷுவாலிட்டியில திடீர்னு வந்தா என்ன செய்வாங்கன்னு பாக்கணும்னு. யாருக்கும் சொல்லாம, பொம்மையை ஸ்ட்ரெச்சர்ல படுக்க வச்சு, நெஞ்சு வரைக்கும் போர்வையைப் போத்தி, மூஞ்சியில மாஸ்க்கை மாட்டி, ஆம்புலன்ஸ்ல கொண்டாந்து வாசல்ல எறக்குவாங்க. பக்கத்துல நான் தலைவிரி கோலமா ஓடியாருவேன். டிரில்லுன்னு அதுக்குப் பேரு. மொதத்தடவ எல்லாரும் நம்பிட்டாங்க. நர்சம்மா கையில இருந்த தட்டைக் கீழ போட்டுட்டு ஓடி வந்துச்சு. போர்வையைத் தூக்கிப் பாத்துட்டு என்னைத் திட்டுன திட்டு இருக்கே! அப்பறம் எல்லாருமாச் சேந்து சிரிச்சோம்.

ஆனா என் மூஞ்சி ஒண்ணுதான. ரெண்டு மூணு தடவைக்குப் பெறகு, நான் வாசல்ல நொழையிறப்பவே, "ஏய், அழகுராஜாம்மா வந்துட்டாங்க டோய்"னு சத்தம் வரும். சிரிச்சுக்கிட்டேதான் வருவாங்க. வேற ஆளைப் போடணும்னு சார் சொல்லிக்கிட்டே இருந்தாரு. போடல. என்னைப் போல அழுக யாரு இருக்கா?

ஒரு புதங்கிழமை. காலையில அவன் டீயைக் குடிச்சிட்டு, நெஞ்சு கரிக்குதும்மான்னான். வாயுவா இருக்கும்னு ஓமத்தைக் கொதிக்க வச்சுக் குடுத்தேன். குடிச்சிட்டு வண்டிக்குப் போனான். தெருமுனையில ஒரு மாடிப்படியில, தோள்ல கேனோட அப்படியே சாஞ்சுட்டான். சுருளிதான் ஓடி வந்து சொன்னான். கேன் வண்டியிலயே பின்னாடி தூக்கிப் போட்டோம். நான் அவன் தலையை மடியில வச்சுக்கிட்டேன். கைலி நெகுந்து கெடந்துச்சு. பெத்த பிள்ளையை அப்படியே ஊரு பாக்க விட முடியுமா? யாரோ ஒரு வீட்டம்மா போர்வை குடுத்துச்சு. நெஞ்சு வரைக்கும் போத்தி விட்டேன்.

வாசல்ல ஸ்ட்ரெச்சர்ல ஏத்துனாங்க. மூஞ்சியில ஒரு மாஸ்க்கை மாட்டி விட்டுட்டு அடுத்த வண்டிக்கு ஓடிட்டான் வாசல்ல இருந்த ஆளு. வண்டியை நகத்துன்னு வாட்ச்மேன் கத்துறான், சுருளி வண்டிகிட்ட ஓடுறான். நான் ஸ்ட்ரெச்சரைப் புடிச்சுக்கிட்டு உள்ள ஓடுறேன். இளவேனில் நிக்கிது. எனக்குப் போன உசுரு வந்துச்சு தாயி. வேற யாரு நின்னாலும் நான் பயந்திருப்பேன்.

"டாக்டரம்மா! என் மகன் அழகுராஜா! மூச்சு விட மாட்டேங்குறான், பாருங்கம்மா!"ன்னேன். வேற என்ன சொல்றது? அந்த நேரத்துல வாயில என்ன இருக்கோ அதுதான வரும்.

அந்தப் பிள்ள திரும்பிப் பாத்துச்சு. நல்லாச் சிரிச்சுச்சு. "வாங்க அழகுராஜாம்மா. இன்னைக்கேவா? கொஞ்சம் இருங்க, உக்காருங்க. ஒரு நெசக் கேஸ் இருக்கு, பாத்துட்டு வந்துர்றேன்"னுச்சு. அங்கிட்டு ஒரு பெரியவரு மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடந்தாரு. அவருகிட்டப் போயிருச்சு. சரிதான, நெசமா ஒரு மனுசன் கெடக்கையில பொம்மையையா பாப்பாங்க? சரியாத்தான் செஞ்சுச்சு.

மரியாதையாச் சொல்லிருச்சுல்ல. நான் போய் நாற்காலியில உக்காந்தேன்.

என்ன தாயி அப்படிப் பாக்குற? விதி அதுதான. சொன்னேன்ல உனக்கு. கால் தானாப் போய் உக்காந்துருச்சு. மனசுக்குள்ள யாரோ கத்துறாங்க, வாயைத் தொறக்க முடியல. இப்ப வரும், இப்ப வரும்னு அந்தப் பிள்ள முதுகையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

வார்டுல வேலை பாக்குற கந்தவேல்னு ஒருத்தன், ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கிட்டுப் போறவன். வெளையாட்டுக்காரப் பய. டிரில்லுன்னா பொம்மை காலைக் கிள்ளுவான், "என்ன மாப்ள அழகுராஜா, மறுபடியும் வந்துட்டியா?"ம்பான். அன்னைக்கும் வந்தான். போர்வைக்குள்ள கையை விட்டுக் கட்டை விரலைக் கிள்ளுனான். கிள்ளுன கையை எடுக்கல. மூஞ்சி மாறிப்போச்சு அவனுக்கு. அப்பறம் கத்துனான் பாரு. "டாக்டர்! சூடா இருக்கு! இது ஆளு டாக்டர், ஆளு!"

இளவேனில் வந்துச்சு. பறந்து வந்துச்சு. ஒண்ணு விடாமச் செஞ்சுச்சு தாயி, அந்த ரூம்ல செஞ்ச மாதிரியே. தோளைத் தட்டி, "அழகுராஜா! அழகுராஜா! கண்ணைத் தொறங்க!"ன்னுச்சு. குரல் மட்டும் ஒரு மாதிரி இருந்துச்சு. ஆள் மாத்தி ஆள் நெஞ்சை அமுக்குறாங்க. ஒரு பிள்ள வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. நான் அழுகல. எதுக்கு அழுகணும்? இளவேனில் கைதான். எந்திரிச்சுருவான். இந்த எடத்துலதான் எப்பவும் நாடி வரும். ஷாக் குடுத்து, மறுபடி அமுக்கி, அப்பறம் வரும். நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், வரல. அப்பத்தான் நான் சொவரைச் சுத்திப் பாத்தேன். அந்தக் கண்ணாடிச் சன்னலைத் தேடுனேன். சார் எங்க இருந்து பாக்குறாரு, ஏன் இன்னும் நாடியைப் போட்டு விடலன்னு.

சன்னல் இல்ல அங்க. வெறுஞ் சொவரு.

அப்பறம் எல்லாரும் கையை எடுத்துட்டாங்க. அந்தப் பிள்ள என்கிட்ட வந்துச்சு. கையில உறையைக் கூடக் கழட்டல. "அழகுராஜாம்மா"ன்னுச்சு. திரும்பவும் "அழகுராஜாம்மா"ன்னுச்சு. அதுக்கு மேல அதுக்கு வரல. வராது, பாவம். அந்த ரூம்ல அதைச் சொல்லிக் குடுக்கல. நான்தான் அதை இழுத்து மடியில போட்டுக்கிட்டேன். "அழாத தாயி, போதும், நீ செஞ்சது போதும்"னேன்.

பெறகு டீன் கூப்பிட்டு விட்டாரு. ரூம் நெறைய ஆளுக. குணசீலன் சார் தரையைப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. "பாக்குறதுக்குத் தாமதமாச்சா?"ன்னு கேட்டாரு டீனு.

"இல்ல சார். போன உடனே பாத்தாங்க"ன்னேன்.

எம் மருமக பக்கத்துலதான் நிக்கிது. வெளிய வந்து என் கையை உதறி விட்டுச்சு. "பேரை வித்துத் தின்னியே, பத்தலையா? இப்பப் பொய்யும் சொல்லிட்டு வாரியா?"ன்னுச்சு. அம்மா வீட்டுக்குப் போயிருச்சு, பேச்சு வார்த்தை கெடையாது. பேரைக் குடுத்ததாலதான் போயிட்டானாம். பேரைச் சொன்னதுக்கு யாராச்சும் சாவாங்களா, நீயே சொல்லு. அந்தப் பேரைச் சொல்லித்தான எத்தனை தடவ எழுப்புனாங்க? நாலு தடவ எழுப்புனவளை, ஒருதடவ முடியலன்னு காட்டிக் குடுக்குறதா? ஆனாலும் இளவேனில் இங்க இருக்கல. அவுங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. திரும்பி வரணும்னு வேண்டிக்கிட்டு இருக்கேன்.

குத்தம் எங்கன்னு நானும் யோசிச்சுப் பாத்துட்டேன். அன்னைக்கு நான் சரியா அழுகல, அம்புட்டுத்தான். கூட ரெண்டு சத்தம் போட்டிருக்கணும். நடிப்புன்னா நல்லா வருது, நெசமுன்னா வர மாட்டேங்குது. அவங்க எப்படி நம்புவாங்க?

என் வருத்தமெல்லாம் வேற. ஒரு வார்த்தை அவங்களுக்கு விரோதமாச் சொல்லல நான். ஆனாலும் என்னைக் கூப்பிடுறதை நிறுத்திட்டாங்க. "ரெஸ்ட் எடுங்கம்மா"ங்கிறாரு சாரு, மூஞ்சியப் பாக்காம. நான் இல்லாததால அம்மா இல்லாமத்தான் வகுப்பு நடந்துச்சு. புதங்கிழமை புதங்கிழமை வந்து இங்க உக்காந்து கேப்பேன். பேரே சொல்லல தாயி. தோளைத் தட்டி, "சார், சார், எந்திரிங்க"ங்கிறாங்க. யாரோ ஒரு சாரு. அநாதை மாதிரி.

இப்ப நீ வந்துட்ட. உன்கிட்ட பேரு கேப்பாரு. நீ என்ன சொல்லலாம்னு வந்த? வெக்கப்படாமச் சொல்லு. பிரபஞ்சனா? உன் மகனா? என்ன படிக்கிறான்? நல்லா இருக்கட்டும், ஒசந்து வரட்டும்.

அந்தப் பேரைச் சொல்லாத தாயி. கெட்டது எதையும் நெனச்சுச் சொல்லல. உன் பிள்ளைக்கு இதெல்லாம் புதுசு. பொழைக்கிறதுன்னா சும்மாவா, எத்தனை பேரு அமுக்கணும், எத்தனை ஷாக்கு தாங்கணும். உன் கையைப் புடிச்சுக் கேக்குறேன், இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். என் மகன் பேரையே குடு. அழகுராஜான்னு சொல்லு. அவனுக்குத்தான் எந்திரிச்சுப் பழக்கம்.

கூப்பிடுறாங்க பாரு. எந்திரி. கண்ணைத் துடை, இப்பவே அழுதுட்டா உள்ள போய் எதை அழுவ? போ. போறப்ப அந்தக் கதவை முழுசாச் சாத்தாத. கொஞ்சம் தொறந்தே வச்சுட்டுப் போ. தோளைத் தட்டிக் கூப்பிடுவாங்கல்ல, அது மட்டும் எனக்குக் காதுல விழுந்தாப் போதும்.